மஞ்சள் புள்ளி வைத்த கிரிக்கெட் அட்டைகள்

நாகராஜின் இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். வலது கைக்கு மட்டும் வேலை இல்லை. அந்தக் கையை மடியிலிருந்த செருப்பு டப்பாவின் மேல் வைத்திருந்தான்.

"மச்சா, இதை எப்பிடி விக்கலாம்னு சொல்லு."

ஓசூரில் டயாலிசிஸ் செய்கிற அந்த அறையில் ஏசி எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். வெளியே தார் ரோடு இளகுகிற வெயிலில் உள்ளே எல்லோரும் போர்வைக்குள் கிடப்பார்கள். மெஷின் முனகிக்கொண்டே இருக்கும். திடீரென்று கத்தும். நர்ஸ் வந்து ஒரு பட்டனை அமுக்கினால் அடங்கி மறுபடி முனக ஆரம்பிக்கும். என் வீட்டில் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு அந்த மெஷின் மேல் ஒரு பாசம்.

டப்பாவுக்குள் இருந்தது கிரிக்கெட் அட்டைகள். அந்தக் காலத்தில் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒன்று வருமே, அதுதான். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் எடுத்த ரன், விக்கெட். இதையெல்லாம் இப்போது தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நாகராஜ் ஃபோனில் பார்த்திருக்கிறான்.

பழைய பேப்பர் கடைக்காரன் தராசோடு காத்திருக்கிறானே, அவனுக்கு என்ன குறைச்சல் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் போனப்புறம் மஞ்சுளா அதைத்தான் பண்ணுவா. அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தன், எனக்கு வேணும்னு கேட்டு வாங்கிக்கினு போவணும். அதை நான் பாக்கணும்."

மஞ்சுளா அவன் மனைவி. 'நான் போனப்புறம்' என்பதை ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவன் மாதிரிச் சொன்னான். எனக்குத்தான் அந்த ஏசி இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

கம் எனக்கு, கார்டு அவனுக்கு

நான் அஞ்சாவதைத் தாண்டாதவன் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை அவமானப்பட்டுக்கொள்கிறேன். நான் ஃபோனில் பேசி அனுப்புவதைப் பத்திரிகையில் ஒரு தம்பி திருத்தமான தமிழாக்குகிறார். நல்ல வார்த்தை எதையாவது பார்த்தால் அது அவருடையது.

எங்கள் ஊர் நாகரசம்பட்டி. அப்பா மாந்தோப்புகளில் கூலிக்கு மருந்தடிப்பவர். படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் மாமா என்னைக் கூட்டி வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒரு டீக்கடையில் விட்டார். கடைக்குப் பின்னால் வரிசை வீடுகள். அதில் ஒன்றில் நாகராஜ். அவன் அப்பா கம்பெனித் தொழிலாளி. வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தெலுங்கு, என்னோடு தமிழ். மூன்று பாஷையிலும் என்னைத் திட்டுவான். மூன்றிலும் எனக்குப் புரியும்.

எங்கள் முதலாளியிடம் ஒரு பழக்கம். கல்லாவில் சில்லறை இல்லையென்றால் மீதிக்குப் பதில் பபிள்கம் கொடுத்துவிடுவார். ஷிஃப்டுக்கு ஓடுகிற கம்பெனி ஆட்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கும் என் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் என் டவுசர் பாக்கெட் நிறைந்துவிடும்.

நாகராஜுக்குக் கம் பிடிக்காது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆகவே கம் எனக்கு, கார்டு அவனுக்கு. அந்தச் சேகரிப்பில் என்னுடைய பங்கு இன்றைக்கும் என் கடைவாய்ப் பற்களில் ஓட்டையாக இருக்கிறது. அதை விற்க முடியாது.

பெயர் படிக்கத் தெரியாததால் ஆட்டக்காரர்களுக்கு நானே பெயர் வைத்தேன். மூக்கில் வெள்ளையாக எதையோ பூசியிருந்தவர் 'சுண்ணாம்பு'. எப்போதும் வானத்தைப் பார்க்கிறவர் 'மழை வருமா'. ஒருவர் அப்படியே என்னைக் கொண்டு வந்து விட்ட மாமா ஜாடை. அதே மீசை, கடன் கேட்டால் பார்க்கிற அதே பார்வை. அவர் பெயர் 'மாமா'. எங்களுக்குக் கிடைத்த முதல் அட்டையே அவர்தான். அவசரத்தில் நான் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தபோது மாமாவின் ஒரு மூலையும் பல்லோடு வந்துவிட்டது. ஒழுங்கான பெயர்களெல்லாம் நாகராஜுக்குத் தெரியும். ஆனால் கடைசிவரைக்கும் அவனும் நான் வைத்த பெயர்களைத்தான் சொன்னான்.

புள்ளி வைக்கிற வேலை

நாகராஜ் ஐடிஐ முடித்து, வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்தான். அதே கம்பெனியில் நானும் சேர்ந்தேன், கேன்டீனில் சாம்பார் ஊற்ற. அவன் மைக்ரான் கணக்கில் அளப்பான். நான் கரண்டிக் கணக்கில்.

அவனுடைய வேலையை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். லைனில் ஒருவன் போல்ட்டை முறுக்குவான். சரியான அளவுக்கு முறுக்கியிருக்கிறதா என்று நாகராஜ் பார்ப்பான். சரியென்றால் பெயின்ட் மார்க்கரால் அதன் தலையில் ஒரு மஞ்சள் புள்ளி. புள்ளி இருந்தால் அடுத்த ஆள் திரும்பப் பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன், தப்பு வந்தால் என்னைக் கேள் என்று அர்த்தம். அவன் புள்ளி வைத்து அனுப்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை. அதைப் பீற்றிக்கொள்ள மாட்டான். நான்தான் கேன்டீனில் அவனுக்காகப் பீற்றுவேன்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் குழாயின் கிளிப்பில் மஞ்சள் புள்ளி. ஃபேன் ஸ்க்ரூவில் மஞ்சள் புள்ளி. குக்கர் கைப்பிடியில், மஞ்சுளாவின் ஸ்கூட்டி நட்டில், எல்லாவற்றிலும். கல்யாணத்தன்று தாலி முடிச்சில் வைக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், பட்டு வேட்டியில் பாக்கெட் இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டைகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்தான். ஒவ்வொன்றையும் முன்னே பின்னே திருப்பிப் பார்த்தான். மடிப்பு இல்லை, கிழிசல் இல்லை, படமும் பெயரும் சரி என்றால் முன்பக்கத்து மூலையில் கடுகளவு மஞ்சள் புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த நான், அழகாக இருக்கிறது மச்சா என்று சொன்னேன். என் ரசனையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள அது போதும்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. பிரஷர் வந்தது, அதை அவன் பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள போல்ட்டையெல்லாம் பார்த்தவன் தன் உடம்பைப் பார்க்கவில்லை. கால் வீங்கிய பிறகு டாக்டரிடம் போனபோது கிட்னி இரண்டுமே கெட்டுவிட்டது என்றார்கள்.

லாட்டா, தனித்தனியா

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. மஞ்சுளா ஒரு கார்மென்ட் கம்பெனிக்குப் போகிறாள், அவளுக்கு லீவு கிடைக்காது. எனக்கு லீவு கிடைப்பதில் சிக்கலே இல்லை. கேன்டீனை வேறு ஆளுக்கு விட்டபோது என்னை நிரந்தர லீவில் அனுப்பிவிட்டார்கள்.

மெஷினில் படுத்தால் நாலு மணி நேரம். முன்பெல்லாம் அந்த நேரம் நகராது. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் அவன் ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கிடப்பான். நான் டீ குடிப்பதை அவன் பார்த்துவிடக் கூடாது என்று வெளியே போய்க் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். அவன் மோந்தே கண்டுபிடித்து, இன்றைக்கு இஞ்சியா ஏலக்காயா என்று கேட்பான்.

அட்டைகளை விற்பது என்று முடிவான பிறகு அந்த நாலு மணி நேரம் பத்தவில்லை.

என்னுடைய யோசனை சுலபமானது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கித் தனித்தனியாக விற்போம், மிச்சத்தை யாருக்காவது சும்மா கொடுத்துவிடுவோம். நாகராஜ் தலையை ஆட்டினான். நல்லதைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சத்தை ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான், விற்றால் மொத்தமாக, ஒரே லாட்டாக விற்க வேண்டும் என்றான். ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போனவனுக்கும் அந்த டப்பாவில் இடம் உண்டு.

"பெரிய ஆளுங்கள பாத்துக்க ஊரே இருக்குது மச்சா. 'மழை வருமா'வை யாரு பாத்துப்பா?"

வயதான ஒருவருக்கு விற்பதா, சின்னப் பையனுக்கா? ஃபோனில் படம் போடுவதா, நேரில் காட்டுவதா? ஆல்பத்தில் வைத்துக் கொடுத்தால் மதிப்பா, செருப்பு டப்பாவோடு கொடுத்தால் மதிப்பா? ஒரு வெயில் காலம் முழுக்க இதையே பேசினோம். பக்கத்துப் படுக்கையில் பர்கூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் கிரிக்கெட்டே பார்க்காதவர். அவரும் டப்பாவோடு கொடுப்பதுதான் மரியாதை என்று கருத்துச் சொன்னார். அடுத்த வாரம் அவர் படுக்கையில் வேறொருவர் இருந்தார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அறையில் அதைக் கேட்க மாட்டார்கள்.

மஞ்சுளா கெட்டவள் இல்லை. வீடு முழுக்க மாத்திரை அட்டை, ரிப்போர்ட், ஸ்கேன் படம். இதற்கு நடுவில் இன்னொரு டப்பா. "அண்ணா, அவரு அதைத் தொறந்து வெச்சிக்கினு உக்காந்தா சாப்பாடே எறங்கறதில்ல. சீக்கிரம் யார்கிட்டயாவது குடுத்துடுங்க," என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. நான் பேச்சை மாற்றிக் குழம்பைப் பற்றிக் கேட்டேன். அழுகிறவர்கள் முன்னால் எனக்குக் குழம்பு ஒன்றுதான் தோன்றும், கேன்டீன் புத்தி.

பெங்களூர்க்காரர்

பெங்களூரில் இதையெல்லாம் சேர்க்கிற ஒருவர் இருப்பதாக நாகராஜ் ஃபோனில் கண்டுபிடித்தான். டப்பாவை நல்ல துணிப்பையில் கட்டி என்னிடம் கொடுத்தான். பஸ்ஸில் மேலே வைக்காதே, மடியில் வை என்றான். அத்திப்பள்ளி தாண்டும்வரை நான் சீட்டில் சாயக்கூட இல்லை.

அடுக்குமாடியில் ஏழோ எட்டோ மாடி. லிஃப்ட்டில் எந்தப் பட்டன் என்று தெரியாமல் இரண்டு தடவை மேலும் கீழும் போய்விட்டு வந்தேன். அந்த மனிதர் நல்லவர், தண்ணீர் கொடுத்தார். கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடி எடுத்து முதல் அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் மூலைக்குப் போனார்.

"இதுல யாரு பெயின்ட் வெச்சது?"

அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை. பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். இவ்வளவு நன்றாகப் பாதுகாத்த அட்டைகளைத் தான் பார்த்ததே இல்லை என்றார். இந்தப் புள்ளி மட்டும் இல்லையென்றால் மொத்தத்தையும் எடுத்திருப்பேன், புள்ளியோடு ஒன்றுகூட வேண்டாம் என்றார். கடைசியில் ஒன்றே ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். மாமா.

"இது ஒண்ணுதான் க்ளீன். ஆனா பாருங்க, இதை ஏதோ நாய் கடிச்சிருக்கு."

"அந்த நாய் நான்தான் சார்," என்றேன்.

அவர் சங்கடப்பட்டு பிஸ்கட் கொடுத்தார். நான் தின்றேன்.

காரணம்

திரும்பி வருகிற பஸ்ஸில் நிறையப் பொய் தயார் செய்தேன். அந்த ஆள் வெளியூர் போய்விட்டார். அந்த ஆள் ஒரு ஃப்ராடு. அந்த ஆளுக்கு இப்போது கிரிக்கெட்டே பிடிக்கவில்லை, கபடிக்கு மாறிவிட்டார். ஓசூர் வருவதற்குள் எனக்கே எதிலும் நம்பிக்கை இல்லை.

மறுநாள் மெஷினில் படுத்ததும் கேட்டான். "ரிஜெக்ட்டா?"

ஆமாம் என்றேன்.

"காரணம்?"

இன்ஸ்பெக்டர்களிடம் இது ஒரு தொல்லை. வேண்டாம் என்று சொன்னால் போதாது, ஏன் என்று சொல்ல வேண்டும். அட்டையெல்லாம் ரொம்பப் பழசாம் என்றேன். பழசு என்பதால்தானே வாங்குகிறான் என்றான். சைஸ் சரியில்லையாம் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். இருபது வருஷமாக உப்பு குறைந்த சாம்பாரைக் கண்டுபிடித்த கண்.

"புள்ளி," என்றேன்.

மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

"என் புள்ளியா?"

"உன் புள்ளிதான் மச்சா."

அன்று ஐஸ் துண்டைக்கூட வேண்டாம் என்றான். அவன் ஓகே பண்ணியது திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் ஓகே பண்ணிய காரணத்தாலேயே திரும்பி வந்தது.

ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது திடீரென்று, ரிவொர்க் பண்ணிப் பார்க்கலாம் என்றான். கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்வதற்குக் கம்பெனியில் அப்படித்தான் சொல்வார்கள். பெயின்ட் கடையில் தின்னர் வாங்கினோம். இரட்டையாக இருந்த ஒரு 'சுண்ணாம்பு'வை மேஜையில் வைத்து, பஞ்சைத் தின்னரில் நனைத்து மூலையைத் தடவினான். புள்ளி அழகாகக் கரைந்தது. கூடவே சுண்ணாம்பின் காது, தோள், அப்புறம் பாதி முகம். வீடு முழுக்கத் தின்னர் நெடி. மஞ்சுளா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"ஸ்க்ராப்," என்று சொல்லி அதைக் குப்பையில் போட்டான். ஒரு நிமிஷம் கழித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை.

குறையை முதலில் சொல்

கம்பெனியில் இன்னொரு வழக்கம் உண்டாம். பாகத்தில் ஒரு குறை இருக்கிறது, ஆனால் ஓடும் என்றால், குறையை மறைக்காமல் வாங்குகிறவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவன் சரியென்றால் லாட் போகும். இதையும் அப்படித்தான் விற்க வேண்டும் என்றான். அவன் சொல்லச் சொல்ல மஞ்சுளா விளம்பரத்தை ஃபோனில் அடித்துப் போட்டாள். ஃபோன் நம்பர் மட்டும் என்னுடையது, அவனால் ஒவ்வொருவரோடும் பேச முடியாது என்பதால்.

கிரிக்கெட் அட்டைகள். மொத்தமாக மட்டும். எல்லாவற்றிலும் மூலையில் மஞ்சள் புள்ளி இருக்கிறது. நான்தான் வைத்தேன். பார்த்து வைத்தது.

முதலில் வந்த ஃபோன்களைச் சொல்ல வேண்டாம். ஒருவன் அம்மை போட்டிருக்கா என்று கேட்டான். ஒருவன் புள்ளி இல்லாத மாதிரி படம் அனுப்பச் சொன்னான். நாகராஜ் கேட்கும்போதெல்லாம், விசாரிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவன் உடம்பு வற்றிக்கொண்டே போனது. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

மாம்பழம் முடிகிற சமயத்தில் சூளகிரியிலிருந்து ஒரு ஆள் வந்தான். பெயர் முருகேசன். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தான். நகத்துக்குள் கிரீஸ். நாகராஜைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். முருகேசன் டப்பாவைத் திறந்தான், மேலே இருந்த அட்டையின் புள்ளியைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது டார்க் பாத்துட்டு வைக்கிறதுதானேண்ணா?"

நாகராஜ் தலையசைத்தான். போல்ட் இறுக்கத்தைத்தான் டார்க் என்பார்கள்.

"நானும் லைன்ல முறுக்குறவன்தாண்ணா. எங்கிட்ட இருந்ததெல்லாம் எங்கப்பா அடுப்புல போட்டுட்டாரு." டப்பாவை மூடினான்.

எண்ணிப் பார்த்துக்கொள்ளப்பா, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார் என்று நாகராஜ் சொன்னான்.

"புள்ளி இருக்குதில்லண்ணா. அப்புறம் நான் என்னாத்துக்குப் பாக்கணும்?"

பணம் கொடுத்தான். அதை நாகராஜ் பார்க்கவே இல்லை. டப்பா வாசலைத் தாண்டுவதையும், பைக்கில் ஏறுவதையும், முருகேசன் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவதையும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம்

நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். படிக்காதவன் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த தடவை மெஷினில் படுத்தான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். பேச ஒன்றும் இல்லை. எப்படி விற்பது என்பது முடிந்துபோனது. அவன் மேலே பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். இன்னும் நாலு முட்டாள்தனமான யோசனைகளை எடுத்துவிட்டு இழுத்தடித்திருக்கலாம். முட்டாள்தனம் என்னிடம் எப்போதும் ஸ்டாக் இருக்கும், அன்றைக்கு எடுத்துவிடத் தெரியவில்லை.

கடைசியில் அவன் வலது கையைப் போர்வைக்குள் விட்டுச் சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். மாமா. மூலை கடிபட்ட மாமா.

லாட்டிலிருந்து திருடிவிட்டாயா என்றேன்.

"இது லாட்டுலயே சேராது. புள்ளி இல்லல்ல."

அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு எல்லாவற்றுக்கும் வைத்தாயே, இதற்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்று.

"கிழிஞ்சிருக்குது. எப்பிடி ஓகே பண்றது? ஸ்க்ராப்ல போடவும் மனசு வரல. ஹோல்ட்ல வெச்சேன். அப்பிடியே இருந்துடுச்சு."

பாஸும் இல்லை, ரிஜெக்ட்டும் இல்லை, முடிவு தெரியாமல் ஓரமாக வைக்கிறதைக் கம்பெனியில் ஹோல்ட் என்பார்கள். சிவப்புக் கயிறு கட்டிய ஒரு ரேக் அதற்கென்று இருக்கும். சாம்பார் வாளியோடு அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதில் இருப்பவை யாராவது பார்த்து முடிவு சொல்லக் காத்திருக்கின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

அட்டையை என் கையில் வைத்தான். அவன் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து பட்டனை அமுக்கினாள்.

மழை பிடிப்பதற்கு முன்னால் நாகராஜ் போய்விட்டான். மஞ்சுளா வீட்டில் இன்னும் கேஸ் குழாயில் புள்ளி இருக்கிறது, ஃபேனில் இருக்கிறது. போனால் நான் மேலே பார்ப்பதில்லை.

ஃபோனில் போட்ட அந்த விளம்பரத்தை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சுளாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. இப்போதும் எப்போதாவது யாராவது கூப்பிடுகிறார்கள். போன வாரமும் ஒரு பையன் கூப்பிட்டான், திருப்பத்தூரோ எங்கேயோ.

"அண்ணா, அந்த கிரிக்கெட் கார்டு இன்னும் இருக்குதா?"

"ஒண்ணு இருக்குதுப்பா."

"எவ்ளோண்ணா?"

"அது ஹோல்ட்ல இருக்குது," என்றேன். "பாத்து சொல்ற ஆளு இல்ல."